வெள்ளிக்கு வழக்காட ஆள் இருந்தது: தொல்லியல் துறைத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். பல்லார்ட் எஸ்டேட்டில் மரைன் இன்சூரன்ஸ் கிளெய்ம் கோப்புகளோடு வேலைக்காலத்தைக் கழித்தவன். கப்பலிலிருந்து மீட்ட சரக்கு யாருக்குச் சொந்தம், மீட்டவனுக்கு என்ன கூலி என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்தக் கணக்கைக் கொண்டுபோய் வைக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு: ஆட்களோடு மூழ்கிக் கடலடியில் கிடக்கும் பழைய கப்பல். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

தில்லி திலக் மார்க்கில் இருக்கும் உங்களுக்குத் தமிழில் ஏன் எழுதுகிறான் என்று தோன்றலாம். மாட்டுங்காவிலும் தாராவியிலும் சயனிலும் இருக்கிற நம் ஆட்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். தவிர, உங்கள் கல்வெட்டுப் பிரிவினர் ராஜராஜன் காலத்துத் தமிழையே படித்துவிடுகிறவர்கள். என் தமிழ் அவர்களுக்குச் சிரமம் தராது.

எஸ்.எஸ். திலாவா என்ற கப்பலிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல் அது. 1942 நவம்பர் 20ஆம் தேதி பம்பாயிலிருந்து மொம்பாசா, டர்பன் வழித்தடத்தில் கிளம்பியது. பயணிகளும் மாலுமிகளுமாக 958 பேர். பெரும்பாலோர் இந்தியர்கள், கிழக்கு ஆப்பிரிக்காவில் கடை கண்ணி வைத்துக் குடியேறியிருந்த குஜராத்திக் குடும்பங்கள் அதில் நிறைய. 23ஆம் தேதி அதிகாலையில் ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. கப்பல் உடனே மூழ்கவில்லை. அதை நம்பிப் படகிலிருந்து மறுபடி கப்பலுக்குத் திரும்பியவர்கள் உண்டு. அப்போது இரண்டாவது டார்பிடோ வந்தது. 280 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோரை பர்மிங்காம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பொறுக்கியெடுத்து 27ஆம் தேதி பம்பாய்க்கே கொண்டுவந்து இறக்கியது.

அதே கப்பலில் தென்னாப்பிரிக்க நாணயச் சாலைக்குப் போக வேண்டிய வெள்ளிக் கட்டிகளும் இருந்தன. 2017இல் ஆர்ஜென்டம் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற நிறுவனம் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2,364 கட்டிகளை எடுத்து, பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கே முறைப்படி அறிவித்தது. வெள்ளி எங்களுடையது என்றது தென்னாப்பிரிக்கா. சரி, அப்படியானால் எடுத்துத் தந்ததற்குக் கூலி கொடுங்கள் என்றது நிறுவனம். ஒரு நாட்டின் அரசை இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் இப்படி வழக்குக்கு இழுக்க முடியுமா என்ற கேள்வி லண்டனில் மூன்று நீதிமன்றங்கள் ஏறியது. கடைசியில் 2024 மே மாதம், இழுக்க முடியாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் இரு தரப்பும் தங்களுக்குள் சமாதானமாகியும் விட்டன.

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. என்னை உறுத்துவதும் அதுதான். சட்டம் கேட்கிற கேள்விகள் எல்லாமே ஒழுங்காகக் கேட்கப்பட்டன: வெள்ளி யாருடையது, அது வணிகச் சரக்கா, அரசுச் சரக்கா, மீட்டவருக்குக் கூலி உண்டா. 280 பேர் அடங்கிய இடத்தைத் திறக்கலாமா என்ற கேள்வியைக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. இந்தியா அந்த வழக்கில் ஒரு தரப்பும் இல்லை. புறப்பட்ட துறைமுகம் பம்பாய், போனவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், பிழைத்தவர்கள் கரையேறியதும் பம்பாய். ஆனால் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்ல நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை.

கடலில் பொருளை மீட்டவருக்குக் கூலி தரும் சால்வேஜ் என்ற ஏற்பாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. எரிகிற வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பெட்டியை வெளியே இழுத்துப் போட்டவனுக்குக் கூலி கொடுப்பது நியாயம்தானே. கடலில் அந்த நியாயத்தை வெகு காலமாக ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். கப்பல் மீட்புக்குப் போடும் லாயிட்ஸ் ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே 'நோ க்யூர், நோ பே' என்று இருக்கும். காப்பாற்றினால் காசு, இல்லாவிட்டால் இல்லை. தரைதட்டிய கப்பலை இழுக்கிறவன் தன் இழுவைக் கப்பலையும் ஆட்களையும் பணயம் வைக்கிறான். பொருள் ஆபத்தில் இருக்கிறது, மணிக்கணக்கில் மதிப்பு கரைகிறது. அந்த அவசரத்துக்குத்தான் அந்தக் கூலி.

மூழ்கி 70, 200, 1,000 வருடம் ஆன கப்பலுக்கு அந்த அவசரம் ஏது? மூழ்கிய முதல் சில வருடங்களில் புழு அரிக்க வேண்டியதை அரித்துவிடும், உப்பு தின்ன வேண்டியதைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பது மண்ணுக்கும் நீருக்கும் பழகி ஒரு நிலைக்கு வந்துவிடும். அதற்கு உண்மையான ஆபத்து, அதை வெளியே எடுக்கும்போதுதான் தொடங்குகிறது. கடலுக்கடியில் கிடந்த இரும்புப் பீரங்கியைக் கரையில் வைத்து வேடிக்கை பார்த்தால், உள்ளே ஊறிய உப்பு காற்றுப் பட்டதும் வேலையைக் காட்டி, பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவீடன்காரர்கள் 1961இல் வாசா கப்பலை மேலே தூக்கிவிட்டு, பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகுக் கரைசலை 17 வருடம் அதன் மீது தெளித்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பல் 1982இல் மேலே வந்தது. அதன் மேல் நீரும் கரைசலும் தெளிப்பதை நிறுத்தியது 2013இல். அந்தப் பொறுமையும் பணமும் உள்ளவர்கள் எடுக்கட்டும்.

ஏலக்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 1752இல் தென்சீனக் கடலில் மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலை, புதையல் தேடுபவரான மைக்கேல் ஹாட்சர் 1985இல் கண்டுபிடித்தார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான், நூற்றுக்கும் மேற்பட்ட தங்கக் கட்டிகள். அடுத்த வருடமே ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டிஸ் ஏலம். இன்று அந்தக் கிண்ணங்கள் உலகம் முழுவதும் யார் யார் வீட்டு அலமாரியிலோ இருக்கின்றன. கிண்ணம் அழியவில்லையே என்பார்கள். எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எது இருந்தது, எது வணிகச் சரக்கு, எது மாலுமி தன் கைக்காசில் வாங்கிய சாமான் என்பதெல்லாம் அடுக்கிக் கிடந்த விதத்தில் இருந்த சேதி. அடுக்கைக் கலைத்தால் அந்தச் சேதி போனதுதான். கிளெய்ம் சர்வேயர்களுக்கு இது நன்றாகப் புரியும். கிடங்கில் சரக்கு கிடந்த கிடையைப் பார்க்காமல் எவனும் ரிப்போர்ட் எழுதமாட்டான்.

இனி, எடுக்கலாம் என்கிற எதிர்த் தரப்பின் வாதம். அதிலும் விஷயம் இருக்கிறது.

திலாவாவின் கம்பெனிக்கே சொந்தமான இன்னொரு கப்பல் கெர்சொப்பா. நம் ஜோக் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்து ஊரின் பெயர் அது. 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து வெள்ளி, இரும்பு, தேயிலையோடு புறப்பட்டு, 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கியது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள். உயிரோடு மிஞ்சியவர் ஒரே ஒருவர், இரண்டாம் அதிகாரி. ஒடிசி மரைன் என்ற அமெரிக்க நிறுவனம் பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம் போட்டு, 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து 2012, 2013 ஆகிய இரண்டு வருடங்களில் 2,792 வெள்ளிக் கட்டிகளை எடுத்தது. மீட்ட வெள்ளியின் மதிப்பில் செலவு போக 80 சதவீதம் நிறுவனத்துக்கு. வெள்ளியோடு நூற்றுக்கணக்கான கடிதங்களும் கிடைத்தன. இந்தியாவிலிருந்து வீட்டுக்கு எழுதி, போய்ச் சேராத கடிதங்கள். வெளிச்சமும் பிராணவாயுவும் புகாமல் அமுங்கிக் கிடந்ததால் காகிதம் பிழைத்திருந்தது. பதப்படுத்தி 2018இல் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். வெள்ளி ஆசை இல்லாவிட்டால் அந்தக் கடிதங்களை யாரும் படித்திருக்கப் போவதில்லை. இதை மறுக்க முடியாது. எந்த அரசாங்கமும் தபாலைத் தேடி அவ்வளவு ஆழத்துக்கு இயந்திரம் இறக்காது.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. இருந்த இடத்திலேயே விட்டுவைக்கிறோம் என்று அறிவித்துவிட்டுக் காவல் போடாவிட்டால் என்ன ஆகும்? 1942இல் ஜாவா கடல் போரில் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ரைட்டர், ஜாவா இரண்டும், நூற்றுக்கணக்கான மாலுமிகளின் கல்லறைகள், 2016இல் போய்ப் பார்த்தபோது கிடந்த இடத்திலேயே இல்லை. பழைய இரும்புக்காகத் திருட்டுத்தனமாக வெட்டி அள்ளிப் போயிருந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களுக்கும் அதே கதி. விலையுயர்ந்த புதையல்கூட வேண்டாம் ஐயா, வெறும் இரும்பும் பித்தளையும் போதும். ஆகவே, தொடாதே என்ற ஒற்றைச் சொல் கொள்கை ஆகாது.

இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகும், முடிவு எடுக்கிற இடத்தில் யார் உட்கார வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கெர்சொப்பா கடிதங்கள் பிழைத்தது ஓர் அதிர்ஷ்டம். வியாபாரக் கணக்கில் அது உபரி. எஸ்.எஸ். சிட்டி ஆஃப் கெய்ரோ கதையைப் பாருங்கள். அதுவும் 1942 அக்டோபரில் பம்பாயிலிருந்து கிளம்பிய கப்பல்தான். சுமார் 100 டன் வெள்ளி ரூபாய் நாணயங்கள், நம் ஊரில் புழங்கிய காசு, அதில் இருந்தன. இங்கிலாந்து போகும் வழியில் தெற்கு அட்லாண்டிக்கில் கப்பல் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 5,150 மீட்டர் ஆழத்திலிருந்து டீப் ஓஷன் சர்ச் நிறுவனம் அந்த நாணயங்களைப் பெருமளவு எடுத்தது. 2015இல்தான் வெளியே சொன்னார்கள். எடுத்தவை உருக்கி விற்கப்பட்டன. மரியாதையோடு வந்தோம் என்று ஒரு தகட்டில் எழுதிக் கீழே வைத்துவிட்டு வந்தார்களாம். வைத்தது நல்லதுதான், எடுத்ததும் அதே கைதான்.

மரியாதை என்றால் என்ன என்று நமக்குத் தெரியாமல் இல்லை. 1971 டிசம்பர் 9ஆம் தேதி தியூவுக்கு அப்பால் மூழ்கிய குக்ரி போர்க்கப்பலோடு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அது அங்கேயே இருக்கிறது. நினைவுச் சின்னம் தியூ கரையில் இருக்கிறது. அதே போரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜியை நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் கண்டறிந்ததாக 2024இல் செய்தி வந்தபோது, இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடவில்லை என்றும் சொன்னார்கள். எதிரிநாட்டு மாலுமிகளுக்குக் காட்டிய அந்தப் பண்பை, பம்பாயில் டிக்கெட் வாங்கி ஏறிய பயணிகளுக்கும் கேட்டு வாங்கித் தாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. நீருக்கடியிலுள்ள பண்பாட்டு மரபுச் சொத்துகளுக்கான யுனெஸ்கோ உடன்படிக்கை 2001 நவம்பரில் நிறைவேறி, 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 70க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. நாம் சேரவில்லை. உங்கள் துறையில் நீரடித் தொல்லியல் பிரிவு தொடங்கியதும் அதே 2001இல்தான் என்பது ஒரு வேடிக்கை. நூறு வருடமாவது நீருக்கடியில் இருந்த மனிதச் சுவடுகளை அந்த உடன்படிக்கை காக்கிறது. இருந்த இடத்திலேயே விடலாமா என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறது; எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. விற்பதற்காக எடுப்பதைத் தடுக்கிறது. மனித எச்சங்களுக்கு மரியாதை வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கிளெய்ம்காரனின் கண்ணுக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் பட்டது வேறு: சேர்ந்த ஒரு நாடு, தன் கடல் எல்லைக்கு வெளியே கிடக்கும் கப்பலோடும் தனக்குப் பண்பாட்டு, வரலாற்றுத் தொடர்பு உண்டு என்று காட்டிப் பேச்சுவார்த்தையில் இடம் கேட்கலாம். திலாவா வழக்கில் நம்மிடம் இல்லாமல் போன தாள் அப்படிப்பட்டதுதான்.

ஆனால் சேர்ந்துவிட்டால் மட்டும் திலாவா காப்பாற்றப்படாது. நூறு வருடக் கணக்குப்படி அதற்கு 2042 நவம்பர் வரை பாதுகாப்பு இல்லை. நம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக அதே நூறு வருடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நம் துறைமுகங்களிலிருந்து போய்த் திரும்பாத கப்பல்கள் எல்லாமே இந்த இடைவெளியில் விழுகின்றன. ஆழ்கடல் இயந்திரங்கள் வருடா வருடம் மலிவாகின்றன. 2042 வரும்போது எடுக்கத் தகுந்தது ஏதாவது மிச்சம் இருக்குமா என்பது சந்தேகம்.

நூறு வருடம் காத்திருக்கத்தான் வேண்டுமா என்றால், டைட்டானிக்குக்குக் காத்திருக்கவில்லையே! 1912இல் மூழ்கிய அந்தக் கப்பலுக்கென்று தனி ஒப்பந்தம் எழுதி, பிரிட்டன் 2003இலும் அமெரிக்கா 2004இலும் கையெழுத்துப் போட்டன. நடைமுறைக்கு வர 2019 ஆயிற்று, அது வேறு விஷயம். கடல் பொதுவானதாக இருந்தாலும், அதில் இறந்தவர்களின் நினைவிடம் என்று நாடுகள் பேசித் தீர்மானிக்க முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம். திலாவாவை இந்தியாவின் டைட்டானிக் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்தப் பட்டத்தோடு நிறுத்தாமல், பிரிட்டனோடும் தென்னாப்பிரிக்காவோடும் உட்கார்ந்து அப்படி ஓர் ஒப்பந்தம் பேசுங்கள். முதலில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கிளம்பி மூழ்கிய கப்பல்களின் பட்டியல் ஒன்று வேண்டும். ஆள் விவரத்துக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. மஸ்ஜித் பந்தர் அருகே இந்திய மாலுமிகள் இல்லத்தில் உலகப் போர்களில் இறந்த ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கான நினைவிடம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களிலேயே பலர் பார்க்காத இடம் அது. ஒரு தடவை வாருங்கள்.

உள்நாட்டுக் கடலைப் பற்றியும் கொஞ்சம். லட்சத்தீவில் பங்காரம் தீவருகே பிரின்சஸ் ராயல் கப்பலை உங்கள் துறையே 2002இல் கடற்படையோடு சேர்ந்து ஆய்வு செய்தது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் சுஞ்சி பாறைத்திட்டில் போர்ச்சுகீசியர் காலக் கப்பலின் யானைத் தந்தங்களையும் பீரங்கிகளையும் பதிவு செய்தது. பூம்புகார்க் கடலில் 19 மீட்டர் ஆழத்தில், பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற வருடங்களும் பொறித்த ஈயக் கட்டிகளோடு ஒரு கப்பல் அகப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்துக் கலங்களைத் தேடிப் போன இடத்தில் இங்கிலாந்து ஈயம்! அதுவும் நம் கடலின் கதைதான். வேலை தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள் என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். ஆள் பலமும் பணமும்தான் குறைவு.

பழைய கப்பல்களை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள் இல்லை. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவில் 9ஆம் நூற்றாண்டு அரபுக் கப்பலைக் கண்டவர்கள் கடல் அட்டை எடுக்க முக்குளித்தவர்கள். 60,000 சீனக் கலங்கள். ஒரு தனியார் நிறுவனம் அவசரமாக எடுத்து சிங்கப்பூருக்கு விற்றது. எடுத்த முறை சரியில்லை என்று எதிர்ப்பு வந்ததால், வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைக்காமல் விட்டுவிட்டது. இலங்கையில் கொடவாயக் கடலில் கிடக்கும் சுமார் 2,000 வருடப் பழமையான கப்பலும் உள்ளூர் முக்குளிப்பவர்கள் காட்டியதுதான். இங்கே மும்பை வர்சோவாவில் ஒரு கோலி மீனவர் வலையிலோ, ராமேஸ்வரத்தில் சங்கு குளிப்பவர் கையிலோ ஒரு பழைய ஜாடி வந்தால் என்ன செய்வார்? போலீசுக்குப் போனால் நாலு நாள் தொழில் போகும், ஆயிரம் கேள்வி வரும் என்று திரும்பக் கடலில் போடுவார், இல்லையென்றால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இடத்தைச் சொன்னால் கௌரவமான ஒரு வெகுமதி, விசாரணை என்ற பெயரில் அலைக்கழிப்பு இல்லை, ஒரு போன் நம்பர், அதை எடுத்துப் பேச அவர் மொழி தெரிந்த ஆள். இது போதும். சால்வேஜ் கூலி என்ற யோசனையில் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு என்றால் அது இந்த இடத்தில்தான்: பொருளை எடுத்தவனுக்குக் கொடுக்காதீர்கள், எடுக்காமல் வந்து சொன்னவனுக்குக் கொடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வரி. சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் கப்பல் விளக்கும் பித்தளைச் சன்னலும் விற்கிறார்கள். தாருகானாவில் உடைத்த கப்பலிலிருந்து வந்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். சொந்தக்காரன் விற்ற கப்பல், யாருடைய கல்லறையும் இல்லை. பழைய தொலைநோக்கி என்று தலையில் கட்டுவதில் பாதி மொராதாபாத்தில் போன மாதம் வார்த்தது. அதனாலும் யாருக்கும் கெடுதல் இல்லை, உங்கள் பர்ஸைத் தவிர. கடலுக்கடியிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லி, எந்தக் கப்பல் என்று கேட்டால் மழுப்புகிறவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

ஐயா, 1944 ஏப்ரல் 14ஆம் தேதி இங்கே விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற சரக்குக் கப்பல் வெடித்தபோது தங்கக் கட்டிகள் பறந்து ஊருக்குள் கூரைகளில் விழுந்தன. தன் வீட்டில் விழுந்த கட்டியைத் திருப்பிக் கொடுத்த பார்சிக்காரரைப் பற்றி இந்த ஊரில் இன்னும் பேசுவார்கள். தங்கத்தின் கணக்கு அநேகமாக எல்லாருக்கும் வாயில் இருக்கிறது. அன்று இறந்த துறைமுகக் கூலிகள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள்.

நான் கேட்பது மூன்று பதில்கள். 2001 உடன்படிக்கையில் சேரும் கோப்பு பண்பாட்டு அமைச்சகத்தில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? நூறு வருடம் ஆகாத, ஆனால் நம் ஆட்கள் இறந்த கப்பல்களுக்காக வெளியுறவு அமைச்சகத்தோடும் கப்பல் துறையோடும் உங்கள் துறை பேசியிருக்கிறதா? பேசவில்லை என்றால், யார் முதல் கடிதம் எழுத வேண்டும்? பழைய சரக்குப் பட்டியல்களும், கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் ரசீதுகளும் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் பல்லார்ட் எஸ்டேட் வட்டாரத்தில் இன்னும் பலர் இருக்கிறோம். கப்பல் பட்டியல் தயாரிக்க ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள், சம்பளம் வேண்டாம், மத்தியானம் டீ கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து ஒரு பழைய கிளெய்ம்காரன்